துண்டுக்குள் ஐந்து விரல்

அந்தச் சந்தையில் ஒரு விரலின் விலை பத்தாயிரம். கட்டை விரலானாலும் சுண்டு விரலானாலும் ஒரே விலைதான். விரல்களுக்குள் பெரியவன் சின்னவன் பார்ப்பதில்லை. ஐந்தும் நீண்டால் ஐம்பதாயிரம். ஒன்று மடங்கினால் பத்தாயிரம் காற்றோடு போயிற்று. முழுக் கைக்கு என்ன விலை என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஈயக்காரர் சொல்லியிருப்பார்: "அது விக்கிறதுக்கு இல்லைங்க. விக்கிறதே அதை வெச்சுத்தானே?"

பழைய இரும்பும் செம்பும் ஈயமும் கைமாறும் சந்தை அது. அங்கே விலையை வாயால் சொன்னால் பக்கத்துக் கடைக்காரனுக்கு இன்னும் இரண்டு காது முளைத்துவிடும். அதனால் விற்பவர் கையும் வாங்குபவர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போகும். மேலே இரண்டு பேரும் மழையைப் பற்றியோ மருமகனைப் பற்றியோ பேசிக்கொண்டிருப்பார்கள். அடியில் ஒருவர் விரல் இன்னொருவர் உள்ளங்கையில் நின்று விலை பேசும். உள்ளங்கைக்கு எத்தனை வந்ததோ அதுதான் விலை. வாங்குபவர் அதை இறுக்கிப் பிடித்துத் துண்டைத் தூக்கிவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்கப்புறம் கடவுளே வந்து சிபாரிசு செய்தாலும் ஒரு காசு கூடாது, குறையாது. நாக்கு புரளும், விரல் புரளாது என்று அங்கே சொல்லுவார்கள்.

ஈயக்காரர் அந்தச் சந்தையில் பழுத்த கை. பழைய பேட்டரிகளை எடைக்கு வாங்குவார். வீட்டுக்குப் பின்னால் இருந்த முற்றத்தில் அவற்றைக் கோடரியால் பிளந்து, ஆசிட்டைச் சாக்கடையில் சாய்த்துவிட்டு, உள்ளே இருக்கும் தகடுகளைக் கொப்பரையில் கொட்டி உருக்குவார்கள். மேலே மிதக்கும் கசடை அகப்பையால் வழித்தெறிந்து, மிச்சத்தை இரும்பு அச்சில் ஊற்றினால் ஆறியதும் ஈயப் பாளம். அவர் அதை நகத்தால் ஒரு கீறு கீறிப் பார்ப்பார். கீறல் பளிச்சென்றிருந்தால் நல்ல சரக்கு.

மகளுக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்டால் அச்சிலிருந்து பாளத்தைத் தட்டி எடுத்து அடுக்குவது அவள் வேலையாக இருந்தது. பாவாடை வயதிலிருந்தே பழக்கம். "என் பொண்ணு கை பட்டா பாளம் ஒட்டாம வரும்" என்று சந்தை முழுக்கச் சொல்லித் திரிந்திருக்கிறார்.

முற்றத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு கதவு இருந்தது. அது சாத்தி யாரும் பார்த்ததில்லை. தட்டிலும் தலையணையிலும் ஜன்னல் விளிம்பிலும் சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய தூசி உட்கார்ந்திருக்கும். அவர் மனைவி காலையில் துடைப்பாள், மத்தியானம் துடைப்பாள், விளக்கு போடும்போதும் துடைப்பாள். "வாடகை குடுக்காத குடித்தனக்காரன் இவன் ஒருத்தன்தான்" என்று தூசியைப் பார்த்து அலுத்துக்கொள்வாள். வேலை முடிந்து போகும்போது அடுப்படி ஆட்களுக்கு ஆளுக்கு ஒரு டம்ளர் பால் அவள் கையால் கிடைக்கும். பால் உள்ளே போனால் புகை வெளியே வந்துவிடும் என்பது ஈயக்காரரின் கணக்கு. வெளியே வரவேண்டியது என்று ஒன்று உள்ளே போகிறது என்பதை அவர் ஒத்துக்கொண்டது அந்த ஒரு டம்ளர் அளவுக்குத்தான்.

அந்தக் கோடையில் மழை வருவது போல் வந்து வந்து ஏமாற்றியது. மேகம் கூரைக்கு மேலே வந்து உட்கார்ந்துகொண்டு இறங்கவும் மாட்டேன் ஏறவும் மாட்டேன் என்றது. புகை மேலே போக வழியில்லாமல் திரும்பி வீட்டுக்குள் வந்தது. முற்றத்து நாய் முதலில் சாப்பாட்டை விட்டது, பிறகு குரைப்பதை விட்டது. ஒருநாள் பின்கால்களை இழுத்துக்கொண்டே போய்ச் சாக்கடை ஓரத்தில் படுத்தது, எழுந்திருக்கவில்லை. அதற்கு முன்னால் வளர்த்ததும் அதே இடத்தில்தான் படுத்தது.

ஈயக்காரர் சட்டை போடுவதை விட்டுவிட்டுக் கழுத்து வழியாக மாட்டும் பனியனுக்கு மாறியதும் அந்தக் கோடையில்தான். பொத்தான் மாட்டச் சள்ளையாக இருக்கிறது என்றார். "சின்னப் புள்ளையாட்டம் இருக்கீங்க" என்று மனைவி சிரித்தாள். டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்க ஆரம்பித்திருந்தார். அதைப் பார்த்து அவள் சிரிக்கவில்லை.

மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தி இந்த வீட்டுக்குத்தான் வந்தது. ஒன்றல்ல, இரண்டு இடம்.

"பி.காம்னா இங்கயே. பஸ்ஸுல போனா ரெண்டாவது ஸ்டாப்" என்றாள் மகள், ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே. "கெமிஸ்ட்ரின்னா பெரிய யூனிவர்சிட்டி. ஹாஸ்டல்ல இருக்கணும். எதுன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு பாப்பா?" என்றார் ஈயக்காரர். "கடைக்குக் கணக்குப் பார்க்க ஆள் வேணும். வெளியாளை வெச்சா அவன் நம்ம கணக்கைப் பார்ப்பானா, அவன் கணக்கைப் பார்ப்பானா?"

மச்சான் எதிரில் உட்கார்ந்து முட்டை உரித்துக்கொண்டிருந்தான். மனைவியின் தம்பி, தரகு அவன் தொழில், சாப்பாட்டு நேரம் தவறாமல் வருவது அவன் ஒழுக்கம். "அத்தான் சொல்றதுதான் சரி. பி.காம் படிச்சவன் கையில பணம் நிக்கும். கெமிஸ்ட்ரி படிச்சவன் கையில என்ன நிக்கும்? கண்ணாடிக் குழாய்!"

"நீங்க என்ன மாமா படிச்சீங்க?"

"நான் ஆளைப் படிச்சேன்."

"பாஸா?"

"இன்னும் பரீட்சை முடியலை" என்று அவன் முட்டையை முழுசாக வாயில் போட்டுக்கொண்டான்.

ஈயக்காரர் தொண்டையைச் செருமினார். பேரம் தொடங்கும்போது செருமுவது அவர் வழக்கம். "சரி, பி.காம் சேரு. ஸ்கூட்டர் வாங்கித் தரேன்."

"வேணாம்ப்பா."

"புதுசு. நீ சொல்ற கலர்."

"வேணாம்."

"மாடியில உனக்குன்னு தனி ரூம். ஜன்னல் தெருப்பக்கம் வெச்சுத் தரேன்."

"நான் இன்னும் விலையே சொல்லலை. நீங்க பாட்டுக்கு ஏத்திக்கிட்டே போறீங்க."

"விலை சொல்லலைன்னா சரக்கு விக்கிறதுக்குத்தான் இருக்குன்னு அர்த்தம்."

"இல்லப்பா. கடை சாத்தியிருக்குன்னு அர்த்தம்."

மச்சானுக்குச் சிரித்துச் சிரித்து முட்டை புரையேறியது. "அத்தான், உங்க சரக்கு உங்களுக்கே விலை சொல்லுது!"

"கெமிஸ்ட்ரியிலதான் உனக்கு மார்க்கே கம்மி" என்றாள் அம்மா, தண்ணீரை அவன் பக்கம் நகர்த்தியபடி. "அதைப் போய் ஏன் பிடிச்சுத் தொங்கறே?"

"தெரியாம விடலைம்மா. கடைசி ரெண்டு கேள்வி எழுதறப்போ கை சோர்ந்துபோச்சு. பேனா நழுவி நழுவி விழுந்துச்சு."

"மலிவா பேனா வாங்கினா நழுவாம ஒட்டிக்கிட்டா இருக்கும்?" என்றார் ஈயக்காரர். "விடு. கெமிஸ்ட்ரி படிச்சு அப்படி என்னத்தைத் தெரிஞ்சுக்கப் போறே? ஈயம் உருகும், ஆறும், விக்கும். எனக்குத் தெரியாத கெமிஸ்ட்ரியா?"

மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "நம்ம நாய் ஏன்ப்பா செத்துச்சு?"

முற்றத்தில் கோடரி விழும் சத்தம் மட்டும் கேட்டது.

"வயசாச்சு, செத்துச்சு."

"அதுக்கு மூணு வயசு."

"சாப்பிடறப்போ என்ன பேச்சு இது?" என்று அம்மா எழுந்து, ஏற்கெனவே துடைத்த ஜன்னலை மறுபடியும் துடைக்கப் போனாள்.

ஈயக்காரர் ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டார். போன வருஷம் ஒருவன் வந்திருந்தான்; மூக்குக்கண்ணாடி போட்ட இளவட்டம், கெமிஸ்ட்ரி படித்தவன். எந்த ஆபீஸ் என்று சொன்னான், அவர் காதில் ஏறவில்லை. முற்றத்து மண்ணைக் கரண்டியால் சுரண்டி ஒரு புட்டிக்குள் போட்டுக்கொண்டான். மச்சான் அவன் தோளில் கைபோட்டுத் தெருமுனை வரை நடத்திப் போனான். திரும்பி வரும்போது மச்சான் கையில் அந்தப் புட்டி இருந்தது. மண்ணைச் சாக்கடையில் கொட்டிவிட்டுப் புட்டியைக் கழுவி, அக்காளிடம் உப்புப் போட்டு வைக்கச் சொன்னான். ஆனால் போகும்போது அந்தப் பையன் வாசலில் திரும்பி நின்று சொன்னது மட்டும் கழுவப்படாமல் நின்றுவிட்டது. "நான் போறேங்க. மண்ணு எங்கேயும் போகாது."

அப்படிப்பட்ட ஒருத்தியை வீட்டுக்குள்ளேயே சோறு போட்டு வளர்த்து, ஹாஸ்டலுக்கும் பணம் கட்டித் தயார் செய்வதா? காசு கொடுத்துத் தேளை வாங்கிச் சட்டைப் பையில் விட்டுக்கொள்வதா? முற்றத்தில் ஈயம் வெந்துகொண்டிருந்தது. ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறார்கள். இதையெல்லாம் கூட்டினால் ஏதோ ஒரு தொகை வரும் என்று அவருக்குத் தெரியும். வியாபாரிக்குக் கூட்டத் தெரியாமல் இல்லை. கூட்டாமல் இருப்பதுதான் சாமர்த்தியம்.

மறுநாள் காலை பாளங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு மச்சானோடு சந்தைக்குப் போனார். வாங்குபவர் குடைக்காரர். வெயிலோ மழையோ, கடைக்குள்ளேயோ வெளியேயோ, கக்கத்தில் குடை இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் இல்லை. மனுஷன் கறார், ஐந்து காட்டினால் இரண்டில் தொடங்குவார், நாலில் முடிவதற்குள் மூன்று டீ ஆகிவிடும். அன்றைக்கு நாலுக்குக் கீழே இறங்கக் கூடாது என்று ஈயக்காரர் மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டார். ஹாஸ்டலோ ஸ்கூட்டரோ, எதுவானாலும் பணம் வேண்டும்.

குடைக்காரர் பாளத்தைத் தட்டிப் பார்த்தார், கீறிப் பார்த்தார், முகத்தைச் சுளித்தார். சுளிப்பது சம்பிரதாயம். பிறகு துண்டு விரிந்தது.

"மேகத்தைப் பாருங்க, கடன்காரனாட்டம் வந்து நிக்குது" என்றார் ஈயக்காரர் மேலே. அடியில் ஐந்து விரலையும் நீட்டினார்.

"பெய்யாதுங்க. இது சும்மா மிரட்டல்" என்றார் குடைக்காரர். சொல்லிக்கொண்டிருந்தவர் சட்டென்று நின்று ஈயக்காரர் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு சந்தேகம் வந்தது, அதன் பின்னால் ஒரு பரிதாபம் மாதிரி ஏதோ வந்தது. அடுத்த நொடி அவர் கை இறுகியது. துண்டு தூக்கப்பட்டது.

முடிந்தது! ஈயக்காரருக்குக் காலடியில் தரை ஒரு சாண் உயர்ந்த மாதிரி இருந்தது. ஐம்பதாயிரம், ஒரு டீகூடக் குடிக்காமல்! பேரம் பேசாமல் ஒத்துக்கொள்கிற வியாபாரியை நம்பாதே என்று அவர் அப்பா சொல்லிவிட்டுத்தான் செத்தார்.

குடைக்காரர் எண்ணிக் கொடுத்தது முப்பதாயிரம்.

"மீதி?"

"எந்த மீதி?"

"நான் அஞ்சு காட்டினேன்."

"எனக்கு வந்தது மூணு."

"குடைக்காரரே, வெளையாடாதீங்க."

"துண்டுக்குள்ள நான் எப்போங்க வெளையாடியிருக்கேன்?" குடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "போன மாசமும் மூணுலதான் தொடங்கினீங்க. ஏன்னு நான் கேட்டேனா? உங்களுக்கு ஏதோ பணமுடை, அவசரத்துக்குத் தள்ளிவிடறீங்கன்னு நெனச்சேன்."

"போன மாசம் சந்தை விழுந்து கிடந்துச்சு. நீங்களே இழுத்து இழுத்துக் குறைச்சீங்க."

"சந்தை விழலைங்க. சந்தை நின்ன இடத்துலதான் நிக்குது."

சுற்றி ஆள் கூடிவிட்டது. சந்தையில் பொருள் விற்காமல் போகலாம், சண்டை விற்காமல் போகாது. மச்சான் கத்த ஆரம்பித்தான். குடைக்காரர் அவன் பக்கம் திரும்பவே இல்லை. குடையால் தரையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஈயக்காரரிடம் மட்டும் சொன்னார்: "எனக்குப் பணம் முக்கியமில்லை. எல்லாரும் பார்க்கக் கையை நீட்டிக் காட்டுங்க. அஞ்சு நின்னா ஐம்பது தரேன்."

ஈயக்காரர் கையைத் தூக்கவில்லை. பனியனுக்கு அடியில் இடுப்போடு ஒட்டிக்கொண்டு நின்றது அது, திருட்டுச் சாமான் மாதிரி. முப்பதாயிரத்தை இடது கையால் வாங்கிக்கொண்டு வண்டி ஏறினார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மச்சான் ஒன்றைப் பத்தாக்கி அக்காளிடம் சொன்னான். குடைக்காரன் குடியைக் கெடுப்பான், அவன் குடையைப் பிடுங்கி அடுப்பில் வைக்க வேண்டும், இனி அந்தக் கடை வாசலை மிதித்தால் செருப்பால் அடியுங்கள். ஈயக்காரர் சமையலறை மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே கொப்பரை கொதித்துக்கொண்டிருந்தது. மேகம் இன்னும் இறங்கி வந்திருந்தது. பகல் மூன்று மணிக்கே விளக்கு போட வேண்டியிருந்தது.

மகள் எதிரில் வந்து உட்கார்ந்தாள். அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து மேஜையில் விரித்தாள்.

"என்னது?" என்றார்.

"வெள்ளிக்கிழமை நாளைக்கு. பேசி முடிச்சிரலாம்."

"நேரம் பார்த்தியா நீ?"

"நீங்கதானே சொல்லுவீங்க, எதிராளி களைச்சிருக்கும்போது துண்டை விரிக்கணும்னு?"

அந்த நிலையிலும் அவருக்கு உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. தன் சரக்குத்தான், சந்தேகமில்லை. வலது கையைத் துண்டுக்கு அடியில் விட்டார். அவள் உள்ளங்கை அங்கே காத்திருந்தது. ஜில்லென்றிருந்தது.

"என் விலையை நான் முதல்ல வாயாலயே சொல்லிடறேன்" என்றாள். "நான் கெமிஸ்ட்ரிக்குப் போகணும். முற்றத்து அடுப்பை அணைக்கணும். ரெண்டும் சேர்த்துத்தான், பிரிச்சு விக்கிறதில்லை."

"அடுப்பை அணைச்சா உனக்கு ஃபீஸ் யாரு கட்டுவா? அந்த அடுப்புதான்டி உனக்குச் சோறு போட்டுச்சு."

"தெரியும்ப்பா. அதோட சேர்த்து என்ன போட்டுச்சுன்னுதான் தெரியணும்."

மச்சான் வாயைத் திறந்தான். அக்காள் அவன் கையைப் பிடித்து அழுத்தினாள், மூடிக்கொண்டான்.

ஈயக்காரர் யோசித்தார். வியாபாரி மூளை, இடி விழும்போதும் வட்டி போடும். இவளை ஹாஸ்டலுக்கு அனுப்பிவிடலாம். படிக்கட்டும். அது மூன்று வருஷப் படிப்பு. மூன்று வருஷத்தில் எத்தனையோ கொப்பரை இறங்கும். இவளுக்கும் புத்தி மாறும், நமக்கும் வேறு வழி பிறக்கும். தவணை கிடைத்தால் பாதி ஜெயித்த மாதிரி.

"சரி. கெமிஸ்ட்ரியே படி" என்றார். "அடுப்புக்கு மட்டும் எனக்குத் தவணை குடு. எத்தனைன்னு கையில சொல்றேன். பிடிச்சிருந்தா பிடிச்சுக்கோ."

ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல். மூன்றையும் நீட்டி அவள் உள்ளங்கையில் நிறுத்தினார். மூன்று வருஷம்.

அவள் கை உடனே இறுகவில்லை. அவர் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தது. குருடர் முகம் தடவுவதைப் போல. அவர் நடுவிரலை அவள் விரல் நிமிர்த்திவிட்டது. விட்டதும் அது மடங்கியது. மறுபடி நிமிர்த்தியது, மறுபடி மடங்கியது. பிறகு அவள் எதையோ இறுக்கிப் பிடித்தாள். துண்டைத் தூக்கினாள்.

"ஒண்ணு" என்றாள். "முடிஞ்சுது."

"ஒண்ணா? மூணுடி காட்டினேன்!"

"எனக்கு வந்தது ஒண்ணு."

"அப்பன்கிட்டயே ஏமாத்தா?"

"அப்பா, பாருங்க."

விளக்கு வெளிச்சத்தில் அவர் கை மேஜைமேல் கிடந்தது. ஆள்காட்டி விரல் மட்டும் நேராக நின்றது, குற்றம் சாட்டுவது போல. நடுவிரலும் மோதிர விரலும் அதன் பக்கத்தில் தலை குனிந்திருந்தன. நிமிரச் சொல்லி மனதுக்குள் கத்தினார். வலியில்லை, மரத்துப்போகவில்லை, ஒன்றுமில்லை. சொன்னதைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஐந்தையும் விரித்தார். கட்டை விரல், ஆள்காட்டி விரல், சுண்டு விரல். மூன்று.

"குடைக்காரர் பொய் சொல்லலை" என்றாள் மகள்.

மச்சான் தன் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் மெல்ல விட்டுக்கொண்டான். உள்ளே விரல்கள் நீள்வதும் மடங்குவதும் துணிமேல் தெரிந்தது. மனைவி பால் டம்ளரைக் கையில் வைத்திருந்தாள். ஆட்களுக்குக் கொண்டு போகக் கிளம்பியவள், போகவும் இல்லை, வைக்கவும் இல்லை.

"ஒண்ணுன்னா என்ன?" என்று கேட்டார் ஈயக்காரர். "ஒரு வருஷம்தானே?"

"வருஷம்னு நீங்க சொல்லலை. துண்டைத் தூக்கினதுக்கு அப்புறம் பேச்சு கிடையாதுன்னு ஊருக்கே சொன்னவரு நீங்க. ஒரு நாள். நாளைக்கு அடுப்பு எரியக் கூடாது."

கோடரிக்காரன் இன்னொரு பேட்டரியைப் பிளந்தான். சத்தம் திறந்த கதவு வழியாக வந்து மேஜையில் விழுந்தது. ஈயக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "அடுப்பை இறக்குங்கப்பா" என்று கத்தினார். அவர் மனைவி பாலை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய், இதுவரை யாரும் சாத்தாத அந்தக் கதவைச் சாத்தினாள். துருப்பிடித்த கீல் நீளமாக அழுதது.

"வைத்தியம் இருக்குப்பா" என்றாள் மகள். "சீக்கிரம் போனா விரல் திரும்பவும் நிமிர வாய்ப்பு இருக்குன்னு போட்டிருக்கு. முதல்ல ரத்தத்தை எடுத்துப் பார்க்கணும். நாளைக்கே போகலாம். எல்லாரும்."

"எங்கே போட்டிருக்கு?"

"லைப்ரரி புஸ்தகத்துல. ஈயம் உடம்புல ஏறினா விரல்லதான் தொடங்குமாம். நடுவிரல், மோதிர விரல்."

"எனக்காகவா தேடினே?" என்றார். நெஞ்சு இளகிவிட்டது அவருக்கு. "நேத்து வரைக்கும் எனக்கே தெரியாது. நீ எப்போ பார்த்தே என் கையை?"

மகள் மேஜைமேல் கிடந்த துண்டை இழுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டாள். வலது கை அதற்குள் போயிற்று.

"எப்போ தேடினே பாப்பா?"

"பரீட்சை முடிஞ்ச அன்னைக்கு."

அவர் கூட்டத் தெரிந்தவர். இதுவரை கூட்டாமல் வைத்திருந்ததெல்லாம் ஒரே நொடியில் தானாகவே கூடிக்கொண்டது: லீவு நாட்கள், ஒட்டாமல் வந்த பாளங்கள், நழுவின பேனா, மலிவுப் பேனா என்று தான் சொன்ன சொல்.

"காட்டு" என்றார்.

"வேணாம்ப்பா."

"வெளிச்சத்துல வேணாம். துண்டுக்குள்ளயே காட்டு. அஞ்சு காட்டு."

தன் கையைத் துண்டுக்கு அடியில் விட்டு உள்ளங்கையை விரித்து வைத்தார். எத்தனையோ விரல்களை வாங்கின உள்ளங்கை. ஒரு தடவைகூடத் தப்பாக எண்ணியதில்லை. வெளியே கொப்பரைக்கு அடியில் தண்ணீர் ஊற்றினார்கள். நெருப்பு சீறி அடங்கியது.

கட்டை விரல் வந்தது. ஆள்காட்டி விரல் வந்தது. சுண்டு விரல் வந்தது. பிறகு வெகு நேரம் கழித்து, நடுங்கிக்கொண்டே, நடுவிரலும் வந்தது.

நான்கு.

அவர் கையை எடுக்கவில்லை. ஒன்று பாக்கி இருந்தது.